பையில் இருப்பதெல்லாம் காளானுக்கு வருமா?

100 கிராம் சிப்பிக்காளானை நன்றாக உலர்த்தினால் 11 கிராம்தான் மிஞ்சும். மீதி அத்தனையும் தண்ணீர். அந்த 11 கிராமைப் பொடித்து, சின்னப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு, 550 டிகிரி செல்சியஸ் உலையில் சில மணி நேரம் வைத்தால் முதலில் கருகும், அப்புறம் கருமையும் எரிந்து போய், கடைசியில் வெளிறிய சாம்பல் ஏறக்குறைய 1 கிராம் கிண்ணத்தின் அடியில் ஒட்டிக் கிடக்கும். மாவு, புரதம், நார் எல்லாம் காற்றோடு போயாயிற்று. எரிக்க முடியாதது மட்டும் மிச்சம். பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியம், துளியூண்டு கால்சியம், இன்னும் துளியாக இரும்பு, துத்தநாகம், செம்பு, செலினியம். காளானில் உள்ள தாதுக்கள் என்று நாம் சொல்வது இந்த ஒரு கிராமைத்தான்.

இந்த ஒரு கிராம் எங்கிருந்து வந்தது?

செடி என்றால் மண்ணைக் காட்டிவிடலாம். பைக்குள் வளரும் காளானுக்கு மண் கிடையாது. ஈர வைக்கோல் அல்லது மரத்தூள், கொஞ்சம் தவிடு, விதைப்பதற்குப் போட்ட காளான் வித்து, தெளிக்கிற தண்ணீர், அவ்வளவுதான். காளானால் மாவுச்சத்தையும் நாரையும் உடைத்துத் தின்று கரியமில வாயுவாக வெளியே விட்டுவிட முடியும். ஆனால் பொட்டாசியத்தைப் புதிதாக உண்டாக்கவும் முடியாது, மறையச் செய்யவும் முடியாது. சாம்பலில் இருக்கும் ஒவ்வொரு அணுவும் அந்தப் பைக்குள் இருந்தது, அல்லது தண்ணீரோடு வந்தது.

அதனால் ஒரு முடிவுக்குச் சட்டென்று தாவத் தோன்றும்: பையில் எது அதிகமோ அது காளானிலும் அதிகம். பாதி சரி. மீதிப் பாதி ஏன் சரியில்லை என்பதில்தான் இந்த விஷயத்தின் சுவாரசியம் இருக்கிறது.

வெளியே செரித்து உள்ளே இழுப்பது

காளான் என்று நாம் பறிப்பது கனி மாதிரி. உயிரின் உடல் பைக்குள் வெள்ளைப் பஞ்சு போலப் பரவியிருக்கும் பூசண இழைதான். அந்த இழைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதிகளை வெளியே கசியவிட்டு, வைக்கோலை இருந்த இடத்திலேயே கரைத்து, கரைந்ததை இழையின் சுவர் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. வைக்கோல் நார் கரையக் கரைய, அதற்குள் சிக்கிக் கிடந்த தாதுக்களும் ஈரத்தில் கலக்கின்றன.

கலந்ததெல்லாம் தானாக உள்ளே புகுந்துவிடாது. இழையின் செல் சவ்வில் ஒவ்வொரு தாதுவுக்கும் தனித்தனி வாசல்கள், புரதத்தால் ஆனவை, இருக்கின்றன. பொட்டாசியத்துக்கு ஒன்று, பாஸ்பேட்டுக்கு ஒன்று, சல்பேட்டுக்கு ஒன்று என்று. உள்ளே போதுமான அளவு சேர்ந்துவிட்டால் சில வாசல்கள் மூடிக்கொள்ளும். பற்றாக்குறை என்றால் இன்னும் பல திறக்கும். பையில் இருப்பது சரக்கு. எவ்வளவு ஏற்றுவது என்று தீர்மானிப்பது இழை.

எவ்வளவு தேர்ந்தெடுத்து எடுக்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

ஒரு கிலோ வைக்கோலின் கணக்கு

காய்ந்த கோதுமை வைக்கோல் 1 கிலோ எடுத்துக்கொள்வோம். விளைந்த மண்ணைப் பொறுத்து எண்கள் மாறும் என்றாலும், அதில் தோராயமாக 15 கிராம் பொட்டாசியம், 1 கிராம் பாஸ்பரஸ், 3 கிராம் கால்சியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து 700 கிராம் புதுச் சிப்பிக்காளான் பறிக்கிறோம். ஓரளவு நல்ல விளைச்சல்தான்.

அமெரிக்க வேளாண்துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் புதுச் சிப்பிக்காளானில் 420 மில்லிகிராம் பொட்டாசியம், 120 மில்லிகிராம் பாஸ்பரஸ், 3 மில்லிகிராம் கால்சியம். ஏழால் பெருக்கினால் 700 கிராமுக்கு: பொட்டாசியம் 2.9 கிராம், பாஸ்பரஸ் 0.84 கிராம், கால்சியம் 0.02 கிராம்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பொட்டாசியம் 15 கிராம் இருந்தது, காளான் 3 கிராம்கூட எடுக்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் அடர்த்தியில் பார்த்தால் கதை வேறு: காய்ந்த வைக்கோலில் கிலோவுக்கு 15 கிராம், காய்ந்த காளானில் கிலோவுக்கு 38 கிராம். இரண்டரை மடங்கு. காளான் வெளியிலிருப்பதைவிட அதிகமாக உள்ளே குவித்து வைத்திருக்கிறது.

பாஸ்பரஸில் நிலைமை நெருக்கடி. ஒரு கிராம்தான் இருந்தது, அதில் 0.84 கிராம் காளானுக்கே வேண்டும். பைக்குள் கிடக்கும் இழைக்கும் பாஸ்பரஸ் தேவை என்பதை இந்தக் கணக்கு விட்டுவிட்டது. சரி, அப்போது இது எப்படிச் சமாளிக்கிறது? ஒரு கை கொடுப்பது காளான் வித்து. வித்து என்பது இழை ஓடிய தானியம்தானே. தானியத்தில் பாஸ்பரஸ் வைக்கோலைவிட மூன்று நான்கு மடங்கு அடர்த்தி. 100 கிராம் ஈர வித்து போட்டால் 0.2 கிராம் பாஸ்பரஸ் கூடவே வருகிறது. வித்தை வெறும் விதையாக மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது கொஞ்சம் வியப்பாக இருக்கும், அது ஒரு சிறிய உரமும்கூட. அப்படியும் பற்றாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: விளைச்சல் குறையும், அல்லது காளானின் பாஸ்பரஸ் அளவு அட்டவணையில் உள்ளதைவிடக் கீழே இறங்கும். ஊடகத்தை, அதாவது வைக்கோல், மரத்தூள் போன்ற வளர்க்கும் பொருளை, மாற்றினால் காளானின் பாஸ்பரஸ் மாறுவதற்கு இந்த இறுக்கம்தான் காரணம்.

கால்சியம்தான் வேடிக்கை. 3 கிராம் இருக்க, காளான் எடுத்தது 0.02 கிராம். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. காளான் வளர்ப்பவர்கள் பலர் ஊடகத்தோடு 2 சதவீதம் ஜிப்சம் கலப்பார்கள். ஜிப்சத்தின் எடையில் கால் பங்குக்குச் சற்றுக் கீழே கால்சியம். ஆகவே 20 கிராம் ஜிப்சம் போட்டால் 4.6 கிராம் கால்சியம் கூடுகிறது. பையின் கால்சியம் இரண்டு மடங்குக்கும் மேல். மொட்டுக்காளான் வளர்ப்பில் கம்போஸ்டில் ஜிப்சம், மேலே போடும் மேற்பூச்சு மண்ணில் சுண்ணாம்பு என்று கால்சியத்திலேயே குளிப்பாட்டுகிறார்கள். அப்படியும் 100 கிராம் மொட்டுக்காளானில் இருப்பது அதே 3 மில்லிகிராம்தான்.

ஏன் வேண்டாம் என்கிறது? செடியின் செல் சுவரில் பெக்டின் இருக்கிறது, அதை ஒட்டிப் பிடிக்கும் பசை மாதிரி கால்சியம் வேலை செய்கிறது. பூஞ்சையின் சுவர் கைட்டினாலும் குளுக்கனாலும் ஆனது, அதற்கு அந்தப் பசை தேவையில்லை. செல்லுக்குள்ளே கால்சியம் ஒரு சமிக்ஞை மணி. எப்போதும் ஒலித்துக்கொண்டிருந்தால் மணிக்கு அர்த்தமில்லை, அதனால் உள்ளே மிகக் குறைவாகவே வைத்துக்கொள்ளும். மிஞ்சியதை என்ன செய்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும்: இழையின் வெளிப்புறமெங்கும் பொடிப்பொடியாக மணி கோத்தது போலப் படிகங்கள். இழை கசியும் ஆக்சாலிக் அமிலமும் கால்சியமும் சேர்ந்து உருவான கால்சியம் ஆக்சலேட். கரையாத உப்பாக்கி வெளியே நிறுத்திவைத்துவிடுகிறது. "கால்சியம் சேர்த்து வளர்த்த காளான், எலும்புக்கு நல்லது" என்று யாராவது விற்றால் இந்தப் படிகங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டாசியம் மட்டும் ஏன் இவ்வளவு? காளான் இரவோடிரவாகப் பெருக்கிறது என்பார்களே, அந்தப் பெருக்கத்தில் பெரும்பகுதி புதுச் செல்கள் பிறப்பதால் அல்ல, இருக்கும் செல்கள் தண்ணீர் குடித்து விறைப்பதால். தண்ணீரை உள்ளே இழுக்க உள்ளே ஏதாவது கரைந்திருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவற்றில் பொட்டாசியம் முக்கியமானது. அதனால் அதன் அளவு ஓரளவு நிலையானது. எந்த ஊடகத்தில் வளர்ந்தாலும் காளானின் தாதுப் பட்டியலில் முதலிடம் பொட்டாசியத்துக்கு, இரண்டாமிடம் பாஸ்பரஸுக்கு. இந்த வரிசை அவ்வளவு எளிதில் மாறாது.

வைக்கோலும் மரத்தூளும்

வைக்கோலை விட்டுவிட்டு மரத்தூளுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகும். மரம் தன் தாதுக்களை இலைக்கும் பட்டைக்கும் அனுப்பிவிட்டு, நடுத்தண்டை ஏறக்குறைய வெறும் நாராக விட்டுவைக்கிறது. ஒரு கிலோ காய்ந்த மரத்தூளில் பொட்டாசியம் 1 கிராம் அளவில்தான் இருக்கும், பாஸ்பரஸ் அதிலும் பத்தில் ஒரு பங்கு. 700 கிராம் காளானுக்கு 2.9 கிராம் பொட்டாசியம் வேண்டும் என்று பார்த்தோம். வெறும் மரத்தூளில் அது இல்லவே இல்லை.

எனவே தவிடு. 800 கிராம் மரத்தூளோடு 200 கிராம் கோதுமைத் தவிடு கலந்தால் பொட்டாசியம் 0.8-லிருந்து 3.2 கிராமாக ஏறுகிறது. பாஸ்பரஸ் 0.08-லிருந்து 2 கிராமுக்கு மேல். ஷிடாகே என்ற காளானை வளர்ப்பவர்கள் மரத்தூளில் தவிடு சேர்ப்பது நைட்ரஜனுக்காக என்று பொதுவாகச் சொல்லப்படும். உண்மைதான். ஆனால் அந்த ஒரு கை தவிடுதான் காளானின் பாஸ்பரஸிலும் பெரும்பகுதியைக் கொண்டுவருகிறது என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. தவிட்டின் பாஸ்பரஸ் பைட்டேட் என்ற வடிவத்தில் பூட்டியிருக்கும். அதைத் திறக்கும் பைட்டேஸ் நொதி பூஞ்சைகளிடம் உண்டு. தவிடு அதிகமானால் பச்சைப் பூசணமும் சேர்ந்து விருந்துக்கு வந்துவிடும், அது வேறு தலைவலி.

ஒரே வைக்கோலாக இருந்தாலும் அதை எப்படித் தயார் செய்கிறோம் என்பதிலும் தாதுக்கள் போகின்றன. வைக்கோலை ஓர் இரவு ஊறவைத்துவிட்டு மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரைப் பாருங்கள். கடுந்தேநீர் நிறத்தில், நுரையோடு, லேசான புளிப்பு வாசனையோடு இருக்கும். அந்த நிறத்தோடு கரைந்து போவது வைக்கோலின் பொட்டாசியமும்தான். செடியில் பொட்டாசியம் எதோடும் இறுகப் பிணைந்திருப்பதில்லை, செல்லின் சாற்றில் உப்பாக மிதக்கிறது. செடி காய்ந்ததும் தண்ணீர் பட்டால் வெளியே வந்துவிடும். அறுவடைக்குப் பிறகு வயலில் மழையில் கிடந்த வைக்கோலில் பொட்டாசியம் குறைந்துபோவதும் இதனால்தான். கால்சியம் அப்படிப் போகாது, அது சுவரோடு கட்டுண்டு கிடக்கிறது. ஆகவே ஊறவைத்து வடித்த வைக்கோலையும் நீராவியில் மட்டும் வேகவைத்த வைக்கோலையும் ஒன்றாகக் கருதக் கூடாது. பெயர் ஒன்று, சரக்கு வேறு. சுண்ணாம்பு நீரில் ஊறவைக்கும் முறையில் கால்சியமும் ஏறும், காரத்தன்மையும் ஏறும். காரம் ஏறினால் துத்தநாகம், இரும்பு, காட்மியம் போன்ற உலோகங்கள் கரைவது குறையும், காளானுக்குக் கிடைப்பதும் குறையும். பையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் போலவே, எவ்வளவு கரைந்த நிலையில் இருக்கிறது என்பதும் முக்கியம்.

ஆள்மாறாட்டம்

இதுவரை சொன்னதில் காளான் கறாரான ஆளாகத் தெரிந்திருக்கும். வேண்டியதை எடுக்கிறது, வேண்டாததை வெளியே நிறுத்துகிறது. துத்தநாகமும் செம்பும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருபவைதான். உள்ளே வந்த செம்பைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு சிறு புரதம் 1980-களில் மொட்டுக்காளானிலேயே கண்டறியப்பட்டது. ஊடகத்தில் இவற்றைப் பத்து மடங்கு ஏற்றினால் காளானில் பத்து மடங்கு ஏறாது. கொஞ்சம் ஏறும், அப்புறம் நின்றுவிடும். அதையும் மீறி ஊற்றினால் இழையே வளர மறுத்துவிடும்.

ஆனால் வாசல் காப்பவர் முகத்தைப் பார்த்து ஆளை விடுபவர். ஒரே சாயலில் இருப்பவர் வந்தால் ஏமாந்துவிடுவார். வேதியியலில் இப்படிச் சாயல் ஒத்த தனிமங்கள் பல உண்டு. ஊடகத்தின் தாக்கம் காளானில் மிகப் பலமாகத் தெரிவது இவற்றில்தான்.

முதலாவது செலினியம். இது கந்தகத்தின் தம்பி என்று சொல்லலாம், தனிம அட்டவணையில் அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறது. கந்தகத்துக்காகத் திறந்த வாசலில் செலினியமும் நுழைந்துவிடுகிறது. நுழைந்த பின்னும் ஏமாற்று நிற்பதில்லை: மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் செலினியம் அமர்ந்து, செலினோமெத்தியோனின் ஆகி, புரதத்தோடு பின்னப்பட்டுவிடும். பெரும்பாலான பூஞ்சைகளுக்குச் செலினியம் தேவையே இல்லை. தேவையில்லாததால் "போதும்" என்று சொல்லும் ஏற்பாடும் பலவீனம். பையில் ஏற்றினால் காளானிலும் ஏறிக்கொண்டே போகும்.

இதை இயற்கையே செய்துகாட்டுகிறது. இந்தியாவின் பஞ்சாபில் சில பகுதிகளில் மண்ணில் செலினியம் மிக அதிகம். அங்கே விளைந்த கோதுமையின் வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்த்துச் சோதித்தபோது, சாதாரண வைக்கோலில் வளர்ந்ததைவிடச் செலினியம் பல மடங்கு ஏறியிருந்தது. பிரேசிலில் காப்பிக்கொட்டையின் தோலை ஊடகமாக்கி, சோடியம் செலினைட் கரைசலைச் சேர்த்து இதையே வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள். காளானை ஒரு சத்து மாத்திரை போல ஆக்கலாமே என்ற எண்ணம். யோசனை நல்லதுதான், ஆனால் செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகியது. வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் போதும் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை, 400-ஐத் தாண்டக் கூடாது என்பதும் அதே பரிந்துரைதான். தொடர்ந்து மிஞ்சினால் முடி உதிரும், நகம் உடையும். வீட்டில் தோராயமாகக் கையால் கலந்து பார்க்கிற விஷயமல்ல இது.

அடுத்த ஆள் சீசியம். இது பொட்டாசியத்தின் சாயல். காளானுக்குப் பொட்டாசியத்தின் மேல் எவ்வளவு ஆசை என்று பார்த்தோம். அந்த ஆசையில் சீசியமும் சேர்ந்து உள்ளே வந்துவிடுகிறது. சாதாரணமாக இது ஒரு பொருட்டே இல்லை, மண்ணில் சீசியம் அற்பம். 1986-இல் செர்னோபில், 2011-இல் ஃபுகுஷிமா, இரண்டு அணு உலை விபத்துகளும் கதிரியக்கச் சீசியத்தைக் காடுகளின் மேல் தூவின. ஐரோப்பாவின் காட்டுக் காளான்களில் அது பல பத்தாண்டுகள் கழித்தும் அளக்கும்படி இருக்கிறது. ஆனால் ஊடகம் என்ற நம் பேச்சுக்கு நெருக்கமானது ஜப்பானின் அனுபவம்.

ஜப்பானில் ஷிடாகேயை இரண்டு விதமாக வளர்ப்பார்கள். ஓக் மரக்கட்டையில் துளையிட்டு வித்தை வைத்து மரநிழலில் சாய்த்து வைப்பது பழைய முறை. மரத்தூளும் தவிடும் கலந்து கட்டியாக்கி அறைக்குள் வளர்ப்பது புதிய முறை. விபத்துக்குப் பிறகு 2012-இல் உணவுக்கான வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று வைத்தார்கள். காளான் வளர்ந்த பிறகு அளந்து குப்பையில் கொட்டுவதற்குப் பதிலாக, வளர்க்கும் பொருளுக்கே வரம்பு வைத்தார்கள்: மரக்கட்டைக்குக் கிலோவுக்கு 50 பெக்கரல், மரத்தூள் ஊடகத்துக்கு 200. எதற்கு இரண்டு எண்? கட்டையில் இருக்கும் சீசிய அடர்த்தி காளானில் இரண்டு மடங்காகலாம் என்றும், மரத்தூள் கலவையில் இருப்பது பாதியாகவே வரும் என்றும் எடுத்துக்கொண்டார்கள். 50-ஐ இரண்டால் பெருக்கினாலும் 200-ஐப் பாதியாக்கினாலும் 100 வருகிறது. ஊடகத்திலிருந்து காளானுக்கு எவ்வளவு போகும் என்ற இந்த விகிதத்துக்கு மாற்றக் காரணி என்று பெயர். பாடப்புத்தகத்தில் ஒதுங்கிக் கிடக்க வேண்டிய ஒரு சொல், ஒரு நாட்டின் காளான் தொழில் முழுவதையும் நடத்தும் எண்ணாகிவிட்டது. பிரஷ்யன் ப்ளூ என்ற நீல நிறமிக்குச் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. அதை ஊடகத்தில் சேர்த்தால் காளானுக்குப் போகும் சீசியம் குறைகிறது என்பதையும் அங்கே சோதித்துப் பார்த்தார்கள். பையில் இருப்பதைக் குறைக்காமலேயே, இழைக்கு எட்டாதபடி செய்வது.

நஞ்சான காட்மியம் துத்தநாகத்தின் சாயலில் வரும். ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்செனேட் பாஸ்பேட்டின் சாயலில் வரும். இந்த ஏமாற்றுக்கு எந்தக் காளான் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பது இனத்தைப் பொறுத்தது. மொட்டுக்காளானின் காட்டு உறவினர்களில் வெட்டினால் மஞ்சளாகும் ஒரு கூட்டம் உண்டு, அவை காட்மியத்தைக் கண்மூடித்தனமாகச் சேர்க்கும். கடைக்கு வரும் மொட்டுக்காளான் அப்படியில்லை. சிப்பிக்காளானும் ஷிடாகேயும் அதைவிடச் சற்று அதிகம் சேர்க்கக் கூடியவை என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் காட்மிய வரம்புகளைத் திருத்தியபோது இந்த இரண்டுக்கும் மற்ற வளர்ப்புக் காளான்களைவிட உயர்ந்த வரம்பு வைத்தது. காட்டுக் காளான்களுக்கு இன்னும் உயர்வு.

வளர்ப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைச் செய்தி ஒன்றுதான்: ஊடகத்தின் பூர்வீகத்தைக் கேளுங்கள். தச்சுப்பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் மரத்தூளில் கரையான் அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரமும் கலந்திருக்கலாம். குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றையும் அழுத்தி ஏற்றிய மரம் பல நாடுகளில் வெகுகாலம் வேலிக்கும் தளத்துக்கும் பயன்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் வீட்டு உபயோகத்துக்கு அதைக் கட்டுப்படுத்தினார்கள். பழைய மரம் இன்னும் அறுபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வண்ணம் பூசிய மரம், நெடுஞ்சாலை ஓரத்துப் புல், ஆலைக் கழிவு கலந்த எதுவும் அதே வரிசைதான்.

அட்டவணையைப் படிக்கும்போது

இந்த ஊடகத்தில் வளர்ந்த காளானில் இவ்வளவு, அந்த ஊடகத்தில் இவ்வளவு என்று ஒப்பிடும் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். அவற்றில் கால் இடறும் இடம் ஒன்று உண்டு, தண்ணீர். காலையில் தண்ணீர் தெளித்துப் பறித்த காளானில் 92 சதவீதம் நீர் இருக்கலாம், கொஞ்சம் காற்றாடக் கிடந்ததில் 88. முதல் காளானின் 100 கிராமில் உலர்பொருள் 8 கிராம், இரண்டாவதில் 12. இரண்டின் உலர்பொருளிலும் பொட்டாசியம் அச்சு அசலாக ஒன்றே, கிலோவுக்கு 38 கிராம் என்று வைத்தாலும், பச்சை எடையில் ஒன்றுக்கு 304 மில்லிகிராமும் மற்றதற்கு 456-ம் வரும். ஒன்றரை மடங்கு வித்தியாசம், ஊடகத்துக்கு அதில் பங்கே இல்லை. ஒப்பிடுவதென்றால் உலர் எடையில் ஒப்பிட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

பறித்தது முதல் அறுவடையா மூன்றாவதா, குடையா தண்டா என்பதும் எண்ணை மாற்றும். பெரும்பாலான தாதுக்கள் தண்டைவிடக் குடையில் அதிகம்.

அமெரிக்க அட்டவணையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. வெள்ளை மொட்டு, பழுப்பு மொட்டு, விரிந்த பெரிய பழுப்புக் காளான், மூன்றும் ஒரே இனம்தான். 100 கிராமுக்குப் பொட்டாசியம் முறையே 318, 448, 364 மில்லிகிராம். மிக அதிகமானது மிகக் குறைந்ததைப் போல 1.4 மடங்கு. செலினியமோ 9.3, 26, 18.6 மைக்ரோகிராம், ஏறக்குறைய மூன்று மடங்கு. ரகமும் முதிர்ச்சியும் இதில் கலந்திருக்கின்றன, எல்லாப் பழியையும் கம்போஸ்ட் மேல் போட முடியாது. ஆனாலும் காளான் கட்டிக்காக்கும் தாது அவ்வளவாக அசையாது, ஆள்மாறாட்டத்தில் நுழைந்தது தாறுமாறாக ஆடும் என்று நாம் எதிர்பார்த்தபடியேதான் இந்த எண்கள் இருக்கின்றன.

அறுவடை முடிந்த பை

காளான் பறித்து முடித்த பிறகு அந்தப் பழைய படுக்கையைச் சோதனைக்கு அனுப்பினால் ஒரு விசித்திரம் காத்திருக்கும். நம் ஒரு கிலோ வைக்கோலையே எடுத்துக்கொள்வோம். 15 கிராம் பொட்டாசியம் இருந்தது, காளான் 3 கிராம் கொண்டுபோனது, மிச்சம் 12. ஆனால் வைக்கோலும் ஒரு கிலோவாக இல்லையே. இழை தின்று, கரியமில வாயுவாக மூச்சுவிட்டு, 600 கிராமாகக் குறைந்திருக்கும். 600 கிராமில் 12 கிராம் என்றால் கிலோவுக்கு 20 கிராம். தொடங்கும்போது 15, முடியும்போது 20! ஆய்வக அறிக்கையை மட்டும் பார்ப்பவர் காளான் பொட்டாசியத்தைத் தொடவே இல்லை, கூட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறது என்றுகூட நினைத்துவிடுவார்.

கால்சியம் இதைவிட அதிகமாகக் குவிந்திருக்கும், ஜிப்சம் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். பழைய படுக்கையைத் தோட்டத்துக்கு உரமாகக் கொட்டும்போது சிலர் நேராகத் தொட்டியில் போட்டு, நாற்று வாடுவதைப் பார்த்துக் குழம்புவார்கள். அதில் உப்பு அடர்த்தி அதிகம். சில மாதம் மழையில் கிடந்தால் பொட்டாசியம் முதலில் கரைந்து போகும், வைக்கோலை ஊறவைத்த தண்ணீரில் பார்த்த அதே கதை. கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் அவ்வளவு சீக்கிரம் அசையாது. அவற்றைத் தின்று உடைக்க மண்ணில் வேறு சில பாக்டீரியாக்கள் வர வேண்டும்.